நான்காவது கோடு

வீட்டுக்குப் பின்னால் சர்ர்ர் என்று எதையோ இழுக்கும் சத்தம். பிறகு யாரோ தொண்டையைக் கொப்பளிப்பது போல ஒரு களக் களக்.

லூசியா ஐந்து மாதக் குழந்தையை அணைத்துக்கொண்டு எழுந்தாள். புருஷன் கடல் தாண்டி ஆப்பியா துறைமுகத்துக்கு வேலைக்குப் போய் மூன்று மாதம். "உனக்குத்தான் இருட்டுன்னா பயமாச்சே" என்று கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் அடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். தீவிலேயே தாழ்ப்பாள் வைத்த ஒரே வீடு. ஊர் சிரித்த சிரிப்பில் அவள் அதை ஒரு நாளும் போட்டதில்லை.

கதவைத் திறந்தாள். தண்ணீர்த் தொட்டியின் பக்கத்திலிருந்து ஓர் ஆள், கைக்கொரு வாளியோடு, தென்னைகளுக்குள் விறுவிறுவென்று போனார். நிலா வெளிச்சத்தில் அந்தத் தொப்பையும் பூப்போட்ட சட்டையும் தெரியாமல் போகுமா?

மந்திரி மிகாயேலே.

மூன்று தீவுகளுக்கும் தண்ணீர் மந்திரி. மூன்று தேர்தலில் நின்று மூன்றிலும் ஜெயித்தவர். அடுத்த வாரம் நான்காவது.

மழை பெய்து ஏழு வாரம் ஆகியிருந்தது. ரேடியோவில் சட்டம் போட்டவரும் அவர்தான். சனிக்கிழமை தோறும் ஒவ்வொரு வீட்டுத் தொட்டியிலும் கோடு போட்ட குச்சி விட்டு அளப்பார். மூன்றாவது கோட்டுக்குக் கீழே போனால், அந்த வீட்டுக் கைக்குழந்தையும் தாயும் அடுத்த கப்பலில் ஆப்பியாவுக்குப் போய்விட வேண்டும். ஒரு தொட்டித் தண்ணீரை இன்னொரு தொட்டிக்குக் கொடுக்கக் கூடாது. தம்பிக்கு ஒரு வாளி கொடுத்த பெத்தேலோ, அபராதமாக ஒரு பன்றியை ஊருக்கு விட்டுக்கொடுத்தார்.

லூசியா வீட்டுத் தொட்டி போன சனிக்கிழமை சரியாக மூன்று.

நாலு வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு வறட்சியில், "தைரியமா ஏறும்மா" என்று இதே மந்திரி சொல்லித்தான் முதல் குழந்தையோடு கப்பல் ஏறினாள். ஒரு பகல், இரண்டு ராத்திரி. நடுக்கடலில் காய்ச்சல். திரும்பி வந்தது அவள் மட்டும்.

காலையில், பாய் முடையும் இடத்தில் பக்கத்து வீட்டு அனாவிடம் சொன்னாள்.

"உன் தொட்டியிலேயா கை வெச்சாரு?" அனா ஓலையைக் கீழே போட்டாள். "என்கிட்ட சொல்லி என்னடி பிரயோஜனம்? சனிக்கிழமை அளக்க வருவாருல்ல, ஊரே பின்னாடி வரும். அப்ப சொல்லு. நாலாவது தடவை மந்திரி ஆகறதை நானும் பார்க்கறேன்."

"சொல்றேன் அக்கா. எனக்கென்ன பயம்."

சனிக்கிழமை மந்திரி வந்தார். தோளில் குச்சி, பின்னால் ஊர்.

"என்னம்மா தாழ்ப்பாள்காரி, கதவை இப்படித் திறந்து போட்டிருக்கே? எவனாவது புருஷனோட பழைய சட்டையைத் தூக்கிட்டுப் போகப் போறான்."

எல்லோரும் சிரித்தார்கள். அனா அவள் விலாவில் இடித்தாள். லூசியா வாயைத் திறப்பதற்குள் மந்திரி மூடியைச் சர்ரென்று இழுத்து, குச்சியை இறக்கி, தூக்கிக் காட்டினார்.

"நாலு. எழுது."

எழுதுகிற பையன் தலையைச் சொறிந்தான். "போன வாரம் மூணுன்னு இருக்கே பெரியப்பா. மழையும் இல்லையே."

"போன வாரம் குச்சி அடி தொட்டிருக்காது. நாலுன்னா நாலு. பிள்ளைக்காரி இங்கேயே இருக்கலாம். அடுத்த வீட்டுக்கு நட."

தினமும் குழந்தைத் துணி துவைத்த தொட்டி. ஏறியிருந்தது. லூசியாவுக்குத் திறந்த வாய் மூடவில்லை.

அடுத்த வீடு மந்திரியுடையதுதான். அங்கே குச்சியின் நுனி மட்டும்தான் ஈரமாக வந்தது.

"ஒண்ணு" என்றார் அவரே, சத்தமாக.

"ஏன் மந்திரி, ஒரு நாளைக்கு எத்தனை குளியல்?" என்றார் பன்றியைக் கொடுத்த பெத்தேலோ. "சொந்தத் தொட்டியைக் காப்பாத்தத் தெரியல. மூணு தீவுத் தண்ணியை நீங்க காப்பாத்துவீங்க, நாங்க ஓட்டுப் போடணும்."

"எனக்குப் பேசப் பேச தாகம் எடுக்குமப்பா. ஓட்டுப் போடறப்போ அதையும் சேர்த்து யோசிச்சுக்கோ."

ஊர் மறுபடி சிரித்தது. அவரும் சிரித்தார். அவர் மனைவி செசிலியா மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீருக்குப் பதில் இளநீரையே குடித்துக் குடித்து உதடு வெடித்திருந்தது. லூசியாவின் தோளிலிருந்த குழந்தையின் கன்னத்தைத் தடவி, "நல்லாக் குளிப்பாட்டும்மா" என்றாள்.

அனா காதருகில் வந்தாள். "அடிச்ச தண்ணியெல்லாம் எங்கடி போச்சு? அதையும் குளிச்சே தீர்த்துட்டாரா? இப்பச் சொல்லு, எல்லாரும் இருக்காங்க."

சொன்னால் போதும். சட்டத்தைப் போட்டவரே சட்டத்தை மீறினார் என்று நான்காவது தேர்தல் அங்கேயே முடிந்துவிடும்.

"அன்னைக்கு நான் பார்த்தது ஆள் இல்ல அக்கா. தென்ன மட்டை ஆடியிருக்கு."

"பயந்தாங்கொள்ளி."

"ஆமா."

அன்று ஜெபம் முடிந்து ஊரில் விளக்குகள் அணைந்த பிறகு லூசியா வாசலில் நின்றாள். தென்னைக்குப் பின்னால் பூப்போட்ட சட்டை. இரண்டு வாளி, தளும்பத் தளும்ப. கதவு திறந்திருந்ததால் அடுத்த அடி வைக்க முடியாமல் நின்றிருந்தது.

அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தென்னை வரைக்கும் கேட்கும்படி, முதல் தடவையாகத் தாழ்ப்பாளைப் போட்டாள்.