கிணற்றுக்குள் விழுந்த தூண்

அந்தப் பழைய கிரேக்க நகரம் போரில் எரியவில்லை, நிலநடுக்கத்தில் விழுந்தது என்று லாம்ப்ரோஸ் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையை லண்டன் ஆய்விதழ், பெயர் சொல்லாத ஒரு நிபுணரிடம் மதிப்பீடு கேட்டுவிட்டு, திருப்பி அனுப்பிவிட்டது. அது அச்சானால்தான் அகழாய்வில் அவன் வேலை நிரந்தரமாகும்.

"என்ன சொல்றானாம் அந்தப் படுபாவி?" என்று காபியை நீட்டினாள் மனைவி தெஸ்பினா. அந்நகரம் போரில்தான் எரிந்தது என்று புத்தகம் எழுதிப் பேர் வாங்கியவள் அவள்.

"பேரை மறைச்சுக்கிட்டு மதிப்பீடு பண்றவன்தானே, வாய்க்கு வந்ததைச் சொல்றான். முதல்ல இங்கிலீஷ் படிச்சிட்டு வான்னு எழுதியிருக்கான்."

"என்கிட்ட காட்டியிருந்தா திருத்தித் தந்திருப்பேனே, என் தங்கமே!"

"உன் புத்தகத்தை மறுத்து எழுதிட்டு, உன்கிட்டயே எப்படிக் காட்டுறது? அங்கே என்ன கிடைச்சதுன்னுகூட நான் வீட்டுல மூச்சு விடலையே."

"அசடு!" அவள் அவன் தலையைக் கோதினாள். "அடுத்த தடவை இங்கிலீஷை நான் பார்த்துக்கறேன். அந்தத் தூண் படத்தை மட்டும் எடுத்துடு. கிணத்துக்குள்ள ஒரு தூண் கிடந்தா நிலநடுக்கம்னு ஆயிடுமா?"

லாம்ப்ரோஸ் சரியென்று தலையாட்டினான். பிறகுதான் கோப்பையைக் கீழே வைத்தான். தூண் என்று அவன் வீட்டில் சொன்னதே இல்லை.

கல்யாணமானாலும் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரோடே இருக்கும் நாடு கிரேக்கம். யாருடைய கட்டுரையை யாருக்கு அனுப்பினோம் என்று லண்டன்காரர்களுக்குத் தெரிந்திருக்காது.

அவளுக்குத் தெரிந்திருந்தது. விரல்கள் இன்னும் அவன் தலையைக் கோதிக்கொண்டிருந்தன.