இடிந்த கோயிலுக்கு இஸ்திரிச் சட்டை

வேனை விட்டு இறங்குவதற்குள் அப்பாவின் சட்டைக் காலரை மூன்றாம் தடவையாக இழுத்துச் சரி செய்தாள் மகள். "இப்பதான் மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க!"

"இடிஞ்ச கோயிலைச் சுத்திப் பார்க்க இஸ்திரிச் சட்டை எதுக்கு பாப்பா? அது சரி, நான் எடுத்து வெச்ச நீலச் சுடிதாரை விட்டுட்டு நீ ஏன் இந்தச் சாயம்போனதை மாட்டிட்டு வந்திருக்க?"

"என்னை யாருப்பா பார்க்கப் போறா?"

அவள் பல் டாக்டர். வந்த வரன்களையெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்; எவ்வளவு பெரிய வண்டியையும் ரிவர்ஸில் எடுப்பார், சோறு வடிக்க மட்டும் வராது. அம்மா போன பிறகு அவரைத் தனியாக விட்டுவிட்டுக் கழுத்தை நீட்ட இவளுக்கு மனசே வரவில்லை. முதலில் அப்பாவுக்கு ஒரு துணை, அப்புறம்தான் தனக்கு என்று முடிவு கட்டியிருந்தாள்.

துணையையும் கண்டுபிடித்துவிட்டாள். பல்வலி, பல்வலி என்று கிளினிக்குக்கு வந்துகொண்டே இருந்த தையல்கார அம்மாதான். எத்தனை தடவை விளக்கடித்துப் பார்த்தாலும் முன்பல் நடுவே ஒரு சின்ன இடுக்கைத் தவிர அந்த வாயில் ஒரு குறையும் இல்லை. ஆனால் என்ன பேச்சு, என்ன கலகலப்பு! புருஷனை இழந்தவர் என்று தெரிந்ததுமே இவளுக்குப் பொறி தட்டியது. "ஞாயித்துக்கிழமை பழைய கோயில்களை நடந்தே சுத்திக் காட்டறாங்க. உங்க அப்பாவையும் கூட்டிட்டு வாயேம்மா" என்று அந்த அம்மாவே வாய்விட்டுச் சொன்னபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

நடை ஆரம்பித்தது. முதல் வாசலில் ஒரு கை உடைந்த துவாரபாலகர், கோரைப்பல் வெளியே தெரிய நின்றிருந்தார். "ஆயிரம் வருஷமா இப்படியே முறைச்சிட்டு நிக்கறாரு" என்றான் வழிகாட்டி. வெயிலில் கறுத்த, நெடுநெடுவென்று வளர்ந்த இளைஞன்.

"கம்பி போட்டா ஒரே வருஷத்துல சரியாயிடும்" என்று முணுமுணுத்தாள் பல் டாக்டர்.

அவன் சொல்ல வந்ததையெல்லாம் மறந்து விழுந்து விழுந்து சிரித்தான். முன்பல் இடுக்கோடு சேர்த்து அந்தச் சிரிப்பு அழகாகத்தான் இருந்தது. அதை மட்டும் யாரும் அடைத்துவிடக் கூடாது என்று நினைத்தவள், சட்டென்று சுதாரித்துக்கொண்டு அப்பா எங்கே என்று தேடினாள்.

கூரை போன மண்டபத்துக்குப் பாசி படிந்த படிகள். "அப்பா, ஆன்ட்டிக்குக் கை கொடுங்க!"

"நான் ஏறிடுவேன். வழுக்கப் போகுது, நீ பார்த்து ஏறும்மா" என்றார் தையல்கார அம்மா. கடைசியில் வழிகாட்டி இவளுக்குத்தான் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டியதாயிற்று. இவள் கண்ணெல்லாம் பின்னாலேயே இருந்தது.

அந்தக் கண்ணுக்கு நல்ல விருந்து! விழுந்து கிடந்த தூண்மேல் அப்பாவும் அந்த அம்மாவும் உட்கார்ந்து குசுகுசுவென்று ஒரே பேச்சு. கேட்ட கேள்விக்கே பதில் சொல்லாத அப்பா கையை ஆட்டி ஆட்டிக் கதையளக்கிறார். இவளைக் கண்டதும் கப்சிப்.

"எங்க வீடு உங்க பின் தெருதாம்மா" என்று பேச்சை மாற்றினார் தையல்கார அம்மா. "எங்க மொட்டைமாடியில நின்னா உங்க அப்பா துணி காயப்போடறதுகூடத் தெரியும்னா பாரேன்!" சொல்லிக்கொண்டே இவள் தோளைச் சாண் போட்டு அளந்தார்.

"எனக்கு எதுக்கு ஆன்ட்டி அளவு?"

"தொழில் புத்திம்மா. கை சும்மா இருக்காது."

கருவறையில் சிலை இல்லை. வெறும் பீடம்தான், அதன்மேல் உடைந்த பாதங்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. வழிகாட்டி டார்ச் அடித்துக் காட்டினான். "ரெண்டு ஜோடிப் பாதம் பாருங்க. இங்க இருந்த சாமி தனியா நிக்கல."

"கேட்டீங்களாப்பா? சாமிக்கே துணை வேண்டியிருக்கு."

"அதைத்தானே பாப்பா நானும் நாள் பூரா சொல்லிட்டிருக்கேன்!"

இதைவிடப் பச்சையாக ஒரு மனுஷன் எப்படிச் சம்மதம் சொல்வார்? அவளுக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. நடை முடிந்து வேனை நோக்கித் திரும்பும்போது அப்பாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அப்பா, ஒளிக்காம சொல்லுங்க. ஆன்ட்டியைப் பிடிச்சிருக்கா?"

"தங்கமான மனுஷி."

"அப்ப நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடலாம்பா. யார் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கறேன். நீங்க இனிமே தனியா இருக்கக் கூடாது." சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது.

அப்பா திருதிருவென்று விழித்தார். மெல்லப் புரிந்ததும் தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்த கண்ணிலேயே தண்ணீரும் வந்தது. "அடக் கடவுளே! இதுக்குத்தானா இந்த இஸ்திரிச் சட்டை?"

"ஏம்ப்பா?"

அவர் வேன் வாசலைக் கைகாட்டினார். தையல்கார அம்மா புடவைத் தலைப்பால் வழிகாட்டியின் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டிருந்தார். "தொப்பி போடுடான்னா கேக்கறியா?" என்று அவர் அதட்ட, அவன் சிரிக்க, அவரும் சிரித்தார். ஒரே சிரிப்பு, ஒரே இடுக்கு. பல் டாக்டர் திறந்த வாய் மூடாமல் நின்றாள்.

"அவங்க மொட்டைமாடியில நின்னு நீ என்னை தினமும் பார்த்துக்கலாம் பாப்பா" என்றார் அப்பா, தன் காலரைத் தானே சரி செய்துகொண்டு. "உனக்குப் பையனைப் பிடிச்சிருந்தா, அவங்க எனக்குச் சம்பந்தியம்மா!"