அப்பா ஏற மறுத்த கார்

“அந்த டப்பாவுல நான் ஏற மாட்டேன். வாங்குறதா இருந்தா பெரிய காரா வாங்கு. இல்லைன்னா காரே வேணாம், ஆமா.”

ஊரிலிருந்து அப்பா அனுப்பியிருந்த குரல்பதிவை மறுபடியும் ஓடவிட்டுக் கேட்டான் மாசிலாமணி. பிறகு கைப்பேசியைச் சாப்பாட்டு மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்தான்.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கடை வாசல்வரை நெரிந்தது. எதிரே ஞானசேகரன் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பூன் லே பக்கம் ஒரே விடுதியில் தங்கி, ஒரே கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்யும் இருவருக்கும் இடையே ஒளிவுமறைவு கிடையாது.

“உங்கப்பா சொல்றது நியாயம்தான்டா” என்றான் ஞானசேகரன். “அந்த வண்டிக்கு என்ன நோவு தெரியுமா? அதோட விலை ஊருக்கே தெரியும். நாட்டுலயே மலிவான காருன்னு கம்பெனிக்காரனே தமுக்கடிச்சுட்டான். அப்புறம் எவன் வாங்குவான்?”

பக்கத்தில் இருந்த வெங்கட்டுக்குச் சிரிப்பு வந்தது. அவர் அதே பட்டறையின் பொறியாளர். வேலை பர்மிட் புதுப்பிக்க வேண்டியவர்களின் பெயர்களை அலுவலகத்துக்கு அனுப்புவதும் அவர்தான்.

“மழையில நனையாம போகலாம். முட்டி வலிக்காம இறங்கலாம். காருக்கு இதுக்கு மேல என்னப்பா வேலை?”

“சார், உங்களுக்குக் கார் ஒரு மெஷினு. எங்களுக்கு அப்படி இல்ல.” ஞானசேகரன் விடவில்லை. “பைக்குல போறவனை யாரும் ஏன் கார் வாங்கலைன்னு கேக்க மாட்டாங்க. இந்தக் காரை வாங்கினவனைத்தான், ‘ஏம்ப்பா, உன்னால இவ்வளவுதான் முடிஞ்சுதா’ன்னு கேப்பாங்க. அதுவும் சிங்கப்பூர்லேர்ந்து வந்தவன்னா விடுவாங்களா?”

தேநீரை வைக்க வந்த கடைக்கார அக்கா சம்சுன்னிசா அதைக் கேட்டுவிட்டு நின்றார். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர்.

“இங்க அப்படி இல்ல லா. இங்க ஒரு கார் வாங்குற காசுக்கு உங்க ஊர்ல ஒரு தெருவையே வாங்கிடலாம். நாலு சக்கரம் இருந்தாலே பெரிய மனுஷன்தான். என்ன காருன்னு யாரு குனிஞ்சு பாக்குறா?”

“அப்ப அந்தக் காரை இங்கதான் கொண்டாந்து விக்கணும்க்கா!” என்றான் ஞானசேகரன்.

மேசையே சிரித்தது. மாசிலாமணி மட்டும் சிரிக்கவில்லை.

இந்த மாதக் கடைசியோடு அவன் பர்மிட் முடிகிறது. ஊருக்குப் போய்விடுவதாகத்தான் இருந்தான். மே மாதம் மகள் ஈவாவுக்குத் தேவாலயத்தில் புதுநன்மைச் சடங்கு; அவன் பக்கத்தில் நின்றால்தான் வெள்ளைக் கவுன் போடுவேன் என்று அவள் அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் முட்டிவலியோடு மினி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பூசைக்குப் போகும் அப்பாவை நினைத்ததும் மனசு கேட்கவில்லை. இன்னும் ஒரே ஒரு வருடம் இங்கே இருந்தால் அந்தச் சின்னக் காரை வாங்கிவிடலாம் என்று வீட்டுக்குச் சொல்லியனுப்பினான். அதற்கு வந்த பதில்தான் இது.

கிறிஸ்துமஸுக்குச் சட்டை எடுத்து அனுப்பினால்கூட, ‘எனக்கு எதுக்குடா’ என்று மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறவர் அவர். அவரே வாய் திறந்து பெரிய கார் கேட்கிறார் என்றால், ஊரில் யார் என்ன சொல்லிக் குத்தினார்களோ? அந்த நினைப்புத்தான் அவனை அறுத்தது.

“மாசிலாமணி, இன்னைக்குள்ள பேர் அனுப்பணும்” என்று நினைவூட்டினார் வெங்கட். “ஊருக்கா, ஒரு வருஷமா, ரெண்டு வருஷமா? யோசிச்சுச் சொல்லு. அனுப்பிட்டா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

“பெரிய காருக்கு ரெண்டு வருஷம் ஆகும்.” அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் முணுமுணுத்தான். பிறகு நிமிர்ந்தான். “ரெண்டு வருஷம்னு போடுங்க சார்.”

ஞானசேகரன் பரோட்டாவை அப்படியே விட்டான். “டேய், சும்மா வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்டா. அதை வச்சு முடிவு பண்ணாத. பாப்பா புதுநன்மைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கியே?”

“அவ சின்னப் புள்ள, சொன்னா சமாதானம் ஆயிடுவா. அப்பாவுக்கு எழுபது தாண்டிருச்சு. ஜென்மத்துல எங்கிட்ட அவரு கேட்டது இது ஒண்ணுதான்.”

வெங்கட் தயங்கியபடியே கைப்பேசியில் பெயரைத் தட்டினார். “போயிடுச்சு” என்றார்.

மாசிலாமணி எழுந்து கடைக்கு வெளியே வந்தான். தூண் ஓரமாக ஒதுங்கி நின்று மனைவி ஜெசிந்தாவை அழைத்தான். தொண்டையைச் செருமி, குரலில் உற்சாகத்தை வரவழைத்துக்கொண்டான்.

“அப்பாகிட்ட சொல்லு, பெரிய காரே வாங்கிடலாம்னு. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கேன்னு பேர் கொடுத்துட்டேன்.”

மறுமுனையில் ஏதோ பாத்திரத்தை நங்கென்று கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“என்னங்க சொல்றீங்க?” ஜெசிந்தாவின் குரல் உடைந்திருந்தது. “உங்களைக் கூட்டிக்கிட்டு வர, திருச்சி ஏர்போர்ட்டுக்கு வேன் பேசிட்டு வர்றேன்னு மாமா இப்பத்தானே கிளம்பிப் போனாரு... ‘சின்னக் காருன்னா அவன் அங்கேயே நின்னு சம்பாதிப்பான், பெரிய காரா கேட்டாத்தான் நம்மால ஆகாதுன்னு ஊருக்கு வந்து சேருவான், நீ வேணா பாரு’ன்னு சொல்லிட்டுத்தாங்க அப்படிப் பேசி அனுப்பினாரு!”