இரண்டாவது ஆள்

ஊரில் பார்வையில்லாத எல்லோருக்கும் செயற்கைக் கண் பொருத்தியாகிவிட்டது. செண்பகவல்லியின் உடம்புதான் ஏற்கவில்லை. அவளுக்குத் திரையை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள், திடீரென்று கடிதங்களில் தேதியை மட்டும் விழுங்க ஆரம்பித்தது. அதை உருவாக்கும் குழுவுக்குப் புகார் எழுதினாள். இன்னொருவரும் அதே கோளாறைச் சொன்னால்தான் கைவைப்பார்கள். அது அங்கே வழக்கம்.

ஒன்பது மாதம் காத்திருந்தாள். ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் ஞானசுந்தரி என்ற பெயரில் தானே இன்னொரு கணக்கு திறந்து, "எனக்கும் அப்படித்தாங்க ஆகுது" என்று எழுதிப் போட்டாள்.

மறுவாரமே சரியாகிவிட்டது. கூடவே குழுவிலிருந்து இருதயராஜின் கடிதம்: "அக்கா, உங்கள மாதிரி இன்னொருத்தங்களும் இருக்காங்கன்னு இப்பத்தான் தெரியுது. ரெண்டு பேரையும் பேச வச்சிரட்டுமா?"

அவள் ஞானசுந்தரியின் கணக்கில் நுழைந்து ஒரு கடிதம் தட்டச்சு செய்தாள்.

சற்று நேரத்தில் கணினி அவளுக்கு வந்த கடிதத்தை, தேதியை விழுங்காமல் வாசித்தது: "ஆகஸ்ட் பதினான்கு, செவ்வாய்க்கிழமை. செண்பகவல்லி, சாப்டீங்களா?"