விளிம்புவரை தேநீர்

உஸ்பெகிஸ்தானின் நமங்கானிலிருந்து பிழைக்க வந்து, கஜகஸ்தானின் அல்மாட்டியில் ஒரு வீட்டைவிட்டு வெளியேற விடப்படாமல் கிடந்த நசீபா, தன்னை விலை பேசிக்கொண்டிருந்த ராவ்ஷான் என்ற பெண்ணின் கோப்பையில் தேநீரை விளிம்புவரை நிரப்பினாள்.

"மாடே, விருந்தாளிக்குப் பாதிதான் ஊத்தணும்னு தெரியாதா? நிரப்பினா எழுந்து போன்னு அர்த்தம்டி," என்று சீறினாள் எஜமானி ஷோல்பான்.

"தெரிஞ்சுதான் ஊத்தியிருக்கா, ரோஷக்காரி," என்று ராவ்ஷான் சிரித்தாள். "ஓடிட மாட்டாளே?"

"பாஸ்போர்ட் என் பெட்டியில இருக்கு. எங்க ஓடுவா? சம்பளமும் கேக்க மாட்டா."

"கண்ணால பாத்தாத்தான் மேல பேச்சு."

ஷோல்பான் உள்ளே சென்று அதை எடுத்துவந்து நீட்டினாள். இன்னொருத்தியின் கைக்கு அது போய்விட்டால் தனக்கு விடிவே இல்லை என்று நசீபா அஞ்சினாள். ராவ்ஷான் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். பின்னர் பாஸ்போர்ட்டை நசீபாவின் கையிலேயே வைத்தாள்.

"பத்திரமா வச்சுக்கம்மா. ஊர்ல இருக்கற உங்க அக்கா புகார் சொல்லித்தான் வந்தோம். கிளம்பு."

"யாருடி நீ?" என்றாள் ஷோல்பான்.

ராவ்ஷான் வாசற்கதவைத் திறந்தாள். போலீஸ்காரர்களுடன் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தனர்.

"இவங்கள்ல ஒருத்தி. எங்க எல்லார் பாஸ்போர்ட்டும் ஒருகாலத்துல இப்படித்தான் யாரோ ஒருத்தர் பெட்டியில கிடந்துச்சு."