தொப்பி யோசனை

"தலையை லேசாக் குனிங்க... இன்னும் கொஞ்சம்... ஆடாம இருங்க!"

சேனாதிபதி இரண்டே விரலால் தாடையைத் தொட்டுத் திருப்ப, படத்துக்கு நின்றவர் கல்லாய்ச் சமைந்தார். கறுப்புத் துணிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த மரியசெல்வத்துக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. கேமரா யாருடையது, தொழில் யாருடையது?

ஆனாலும் ஒன்று. அந்த விரல் பட்டால் எப்பேர்ப்பட்ட தலையும் முரண்டு பிடிக்காது. சேனாதிபதி கோட்டும் மப்ளருமாக, பேத்துப்பாறையில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க மலையேறும்போதெல்லாம் ஏரிக்கரைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

"அண்ணனுக்கு மெட்ராஸ்ல ஸ்டுடியோவா?" என்று ஒருநாள் கேட்டான்.

"நமக்கும் மனுசனை உக்கார வச்சுச் செய்யிற தொழில்தான் தம்பி" என்றார். பெரிய ஸ்டுடியோக்காரர்கள் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்று மரியசெல்வம் முடிவு கட்டிக்கொண்டான்.

அவனுடைய வியாபாரம் அந்த அறுபத்தொன்றாம் வருஷ சீசனில் படுத்தே கிடந்தது. வந்து இறங்குகிற கூட்டத்தில் பாதி, பழனியில் முடியிறக்கிவிட்டு அப்படியே கொடைக்கானலைப் பார்க்க வருகிற கூட்டம். அப்பன் மொட்டை, பிள்ளை மொட்டை; ஒரு பஸ்ஸில் கண்டக்டரும் மொட்டை. மேகம் மூடிய நாளிலும் ஏரிக்கரை பளபளவென்று இருந்தது.

"படம் எடுத்துக்கிறீங்களா சார்?"

"இந்த மண்டையோடவா? முடி மொளைக்கட்டும்ப்பா."

முடி முளைக்கும். ஆனால் ஊரில் போய் அல்லவா முளைக்கும்!

"இந்த சீசனும் போச்சுன்னா கேமராவ வித்துட்டு ஆடலூருக்கு வாங்க. எங்கண்ணன் தோட்டத்துல மிளகு பறிக்க ஆள் வேணுமாம்" என்று மனைவி லீமா சொல்லிவிட்டாள். அவள் அண்ணனிடம் கைகட்டி நிற்பதற்கு ஏரியிலேயே குதித்துவிடலாம்.

சேனாதிபதியின் யோசனைகளுக்கு மட்டும் பஞ்சமில்லை. போர்டைச் சிவப்பாக்கு என்றார்; ஆக்கினான். குதிரையில் ஏற்றி எடு என்றார். குதிரை கறுப்புத் துணியில் பாதியைத் தின்றது.

"போதும்ணே, விடுங்க!"

"ஏலே, கோவிக்காத. யாவாரத்துல ரெண்டே சங்கதிதான். வந்தவன் வெக்கத்தைப் போக்கணும். போனவன் திரும்பி வரணும். தொரைமார் தொப்பி நாலு வாங்கிப் போடு, நடக்குறதைப் பாரு."

சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரின் பங்களா ஏலத்தில் தொப்பிகள் வாங்கினான். மறுநாளே கூட்டம் முட்டி மோதியது. மொட்டைகளெல்லாம் துரைகளாகிப் படத்துக்கு நின்றார்கள். படங்கள் ஊருக்குப் போயின. அங்கிருந்து இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பலேறின. லீமாகூட ஆடலூர்ப் பேச்சை விட்டுவிட்டாள்.

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் அந்தச் சந்தோஷமும் தீர்ந்தது.

தாராபுரத்து நாச்சிமுத்து, பளிச்சென்ற புது மொட்டையோடு வந்து நின்றான். கையில் பழைய தொப்பிப் படம்.

"ஏய்யா, நீயெல்லாம் ஒரு போட்டோகிராபரா? எம்புள்ள பொழச்சா நான் மொட்டை போடணும்னு வேண்டிக்கிட்டது எம் மாமனாரு. அவரு இலங்கையில எஸ்டேட்ல கெடக்காரு. முடியெறக்குனதைப் பாக்கணும், போட்டோ அனுப்புங்கன்னாரு. நானும் அழகா இருக்குன்னு இதை அனுப்பித் தொலைச்சேன்."

"என்னங்க சொன்னாரு?"

"தொப்பிக்குள்ள முடிய ஒளிச்சுக்கிட்டு முருகனையே ஏமாத்துறியான்னு காயிதம் போட்டுருக்காரு! வளந்த முடியெல்லாம் நேத்து பழனியில மறுபடியும் எறக்கிட்டு வாரேன். எடுய்யா, ஓசியில! தொப்பி இல்லாம!"

அவன் பின்னால் இன்னும் சில புது மொட்டைகள் வரிசையில் நின்றன. எல்லார் கையிலும் ஒரு தொப்பிப் படம். அத்தனை பேருக்கும் ஓசியில் எடுத்துக் கொடுத்தால், அப்புறம் ஆடலூர் மிளகுதான்.

மரியசெல்வத்துக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து மப்ளரை மூக்குவரை ஏற்றிக்கொண்டிருந்த சேனாதிபதியின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தான்.

"தொப்பி யோசனை என்னோடது இல்லீங்க. இந்தா நிக்கிறாரே மெட்ராஸ் ஸ்டுடியோக்காரரு, இவரைக் கேளுங்க!"

நாச்சிமுத்து மப்ளரை விலக்கிப் பார்த்தான். வாய் பிளந்தது. கை தன்னால் தலையைத் தடவியது.

"அட, ரெண்டு தடவையும் எனக்கு மொட்டை போட்டவரே இவருதாங்க!"