இன்னும் ஐந்து புள்ளி

"அஞ்சு மணிக்கு சிஸ்டம் மூடிடும்லா, பிரேமாக்கா. எனக்கு இன்னும் அஞ்சு புள்ளி வேணும்."

லிண்டா கதவருகில் நின்றபடியே சொன்னாள். கையில் ஊசித் தட்டு. அவளுக்குப் பின்னால் வராந்தாவில் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன.

பிரேமாவதி கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றரை. காலை ஆறரையிலிருந்து நின்ற கால்கள். கணினியின் முன்னால் மெல்ல உட்கார்ந்தாள்.

தாதிகள், மருத்துவ உதவியாளர்களின் பயிற்சிப் பதிவெல்லாம் இப்போது இணையத்தில்தான். பாடத்தைப் படித்துக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் புள்ளி ஏறும். புள்ளி குறைந்தால் உரிமம் புதுப்பிக்கப்படாது. இன்று கடைசி நாள். ஐந்து புள்ளி ஏறாவிட்டால் ஜனவரியில் லிண்டா ஊசியைத் தொட முடியாது.

புக்கிட் செலம்பாவ் பக்கத்தில் இருந்த அந்தச் சிறிய கிளினிக்குக்கு ஒரு நாளில் நூற்றைம்பது பேர் வந்தார்கள். படிக்க யாருக்கும் நேரமில்லை. தன் வேலையை மதியத்துக்குள் முடித்துவிடுகிற பிரேமாவதி எல்லோருக்காகவும் படித்தாள். மூன்று வருடமாக. முதல் தடவை கெஞ்சிக் கேட்டார்கள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டார்கள். லிண்டாவின் கடவுச்சொல் அவள் மகள் பெயர். மருத்துவ உதவியாளர் குணாளனுடையது அவர் மோட்டார் சைக்கிள் எண். எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

குணாளன் தேத்தண்ணீருடன் எட்டிப் பார்த்தார்.

"டெங்கி பாடத்துல நான் எத்தன மார்க்கு, அக்கா?"

"நூத்துக்கு நூறு."

"அவ்ளோ கெட்டிக்காரனா நான்? வீட்ல சொன்னா நம்ப மாட்டாங்கலா."

இன்றைய பாடம், பிள்ளைக்கு வலிப்பு வந்தால் என்ன செய்வது. பிரேமாவதி மலாய் வரிகளை உதடு அசைத்துப் படித்தாள். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் வைக்கக் கூடாது. நேரத்தைக் குறிக்க வேண்டும்.

பாதியில் மூன்றாம் அறையிலிருந்து கூப்பிட்டார்கள். ஊசி போட்ட பிள்ளை வாந்தி எடுத்திருந்தது. அவசரமாகத் துடைத்துவிட்டு வந்து, பாடத்தில் படித்திருந்தபடியே ஏழு படிகளில் கை கழுவினாள். அதற்குள் திரை அணைந்திருந்தது. மறுபடி முதலிலிருந்து.

நாலு ஐம்பத்திரண்டுக்குக் கடைசிக் கேள்வி முடிந்தது. 'வாழ்த்துகள், லிண்டா' என்றது திரை. ஐந்து புள்ளியும் ஏறிவிட்டது.

லிண்டா அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் தொலைபேசி அடித்தது. அலோர் ஸ்டாரிலிருந்து மாநிலச் சுகாதார அதிகாரி. லிண்டா சிரித்துக்கொண்டே பேசினாள். போகப் போகச் சிரிப்பு குறைந்தது. கடைசியில் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள்.

மாநிலத்திலேயே இந்தக் கிளினிக்கில்தான் எல்லோரும் எல்லாப் பாடத்திலும் முழு மதிப்பெண்ணாம். எல்லோருக்கும் இப்படிச் சொல்லிக்கொடுத்தவர் யாரோ, அவர் மற்ற கிளினிக்குகளுக்கும் பயிற்சியாளராக வேண்டுமாம்.

"யாருன்னு கேக்குறாரு, அக்கா. அவரோட உரிம நம்பர் வேணுமாம்."

குணாளன் தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குணாளன் சார் நம்பரக் குடுத்துருங்க, லிண்டா மிஸ்ஸி," என்றாள் பிரேமாவதி. "வலிப்புப் பாடத்த மட்டும் ஒரு தடவ படிச்சிக்கச் சொல்லுங்க. அது பிள்ளைங்களுக்கு நெசமாவே வரும்."

எழுந்தாள். மேசையைத் துணியால் துடைத்தாள். கதவுக்குப் பின்னால் தொங்கிய துப்புரவுக் குத்தகைக்காரரின் வருகைத் தாளில் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டு, வாளியையும் மாப்பையும் தள்ளிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.